பாக்டி போட்ட இருபது செண்ட்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. ஐந்து மொச்சைச் செடிகளில் கோதண்டபாணி எண்ணிய உயிருள்ள பூச்சிகள் முப்பத்தெட்டு. முந்தின நாள் சாயங்காலம் மருந்து அடிப்பதற்கு முன்பு அதே ஐந்து செடிகளில் எண்ணியபோது நாற்பத்தொன்று. அத்தனை மருந்துக்கும் செத்தவை மூன்று.

எண்ணுவது அவருக்குக் கைப்பழக்கம். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் பத்தொன்பது வருடம் ஊறல் தொட்டி வேலை. லாரியில் வரும் உப்புத் தோலை இறக்கி, எண்ணி, உப்பு உதறி, தொட்டியில் ஊறப் போட வேண்டும். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து, வருடம் முழுக்க ஆறாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், போன பொங்கல் கழிந்ததும் வேலையை விட்டார். மனைவி மோகனாவின் பேரில் ஊரில் நாற்பது செண்ட் நிலமும், கிணற்றில் பங்கும் இருந்தன.

சித்திரையில் போட்ட வேர்க்கடலை காட்டுப்பன்றிக்குப் போனது. ஆடிக் கடைசியில் போட்டது மொச்சை. பொங்கலுக்கு மொச்சைக் கொட்டை இல்லாமல் இந்தப் பக்கம் குழம்பு கொதிக்காது, எவ்வளவு விளைந்தாலும் போகும் என்பது அவர் நினைப்பு. ஷாப் மேஸ்திரி ரஃபி அகமது பழைய தோஸ்த். அவர் ஒரு கெடு சொல்லியிருந்தார்: "பொங்கல் வரைக்கும் உன் எடத்துல டெம்பரவரி ஆள ஓட்றேன் கோதண்டம். அப்புறம் ஜனவரி இருபத்திரண்டு திங்கக்கிழமை ஷிப்டுக்கு நீ வர்றியா இல்லியான்னு சொல்லிடு." மொச்சை முற்றினால் தொட்டிப் பக்கம் போக வேண்டாம். இல்லையென்றால் அந்தத் திங்கட்கிழமை மறுபடியும் உப்புத் தோல்.

வரப்பில் நின்று ஜம்புலிங்கம் வேடிக்கை பார்த்தார். மோகனாவின் அண்ணன், பக்கத்து நிலத்துக்காரர்.

"இன்னா மாப்ள, காலைலயே தலை எண்ணிக்கினு கீற?"

"மூணுதான் செத்திருக்கு மச்சான்."

"அந்த மூணும் வயசாயி செத்திருக்கும். மருந்து மேல வீணா பழி போடாத."

"நீயும் இதத்தான அடிக்கிற?"

"பத்து வருஷமா இதேதான் அடிக்கிறேன். அடிக்கலன்னா மனசு கேக்க மாட்டேங்குது."

பூச்சி மெலிந்த உடம்பு, பழுப்பு நிறம், பின்னங்கால் தொடை மட்டும் தடித்திருக்கும். நசுக்கினால் கை நாறும். அதனால் நாத்தப்பூச்சி என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். காய்க்குள் ஊசி மாதிரி வாயைக் குத்திப் பருப்பின் பாலை உறிஞ்சிவிடும். வெளியே காய் முழுசாகத் தெரியும். உரித்தால் உள்ளே சுருங்கிய சக்கை.

கூடவே செடியெல்லாம் கறுப்பு எறும்புகளும் திரிந்தன. அவற்றைத் தொடக் கூடாது என்பது மோகனாவின் கட்டளை. "எறும்பு இருந்தா வேற பூச்சி அண்டாது. அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வண்டியில் வந்து இறங்கினாள். கையில் வலை, தோளில் பை, பை நிறையப் பிளாஸ்டிக் குப்பிகள். பெயர் யோகலட்சுமி, வந்தவாசிக்காரி, ஒரு விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ஊர் ஊராகப் போய் இந்தப் பூச்சியைப் பிடிப்பதுதான் அவளுக்கு வேலை.

"அண்ணா, உங்க மொச்சைல நாத்தப்பூச்சி இருக்கா?"

"எவ்ளோ வேணும்? மூட்டையில கட்டித் தரட்டா?" என்றார் கோதண்டபாணி.

அவள் நேராகப் போய்ப் பிடித்தது எறும்பை. மோகனா பதறிவிட்டாள். "தே பாப்பா, அத வுடு. அது நல்லது."

"இது எறும்பு இல்லக்கா. நாத்தப்பூச்சியோட குட்டி. காலப் பாத்தா தெரியாது, ரெண்டுக்கும் ஆறுதான். வாயப் பாருங்க. எறும்புக்குக் கடிக்கிற வாய். இதுக்கு ஊசி."

மோகனா குப்பியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஒரு மாசமா இதுங்களுக்கு நான் காவல் காத்துக்கினு இருந்தேனா?" என்றாள்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, செல்போனில் மாட்டும் சின்ன நுண்ணோக்கி ஒன்றை யோகலட்சுமி எடுத்து வைத்தாள். வளர்ந்த பூச்சி ஒன்றை ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் கிடத்தி, இரண்டு ஊசிகளால் வயிற்றைத் திறந்தாள். செல்போன் திரையில் குடல் தெரிந்தது. அதன் கடைசிப் பகுதியில் மணி கோத்த மாதிரி இரண்டு வரிசைச் சின்னப் பைகள்.

"இந்தப் பை ஒவ்வொண்ணுலயும் ஒரு கிருமி குடியிருக்கு அண்ணா. பூச்சி பொறக்கும்போது அது கெடையாது. குட்டியா இருக்கும்போது மண்ணுலேர்ந்து எடுத்துக்குது. அது வயித்துக்குள்ள போனாத்தான் பூச்சி நல்லா வளரும், முட்டையும் ஜாஸ்தி வைக்கும்."

"கிருமி வந்தா நோவு வரணுமே?"

"இதுக்கு வராது. ரெண்டும் கூட்டாளி." அவள் உற்சாகமாகிவிட்டாள். "ஜப்பான்ல இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க. ஒரே மருந்த திரும்பத் திரும்ப அடிக்கிற மண்ணுல, அந்த மருந்தையே தின்னு வாழற கிருமி பெருகிடுது. பூச்சி அந்தக் கிருமிய எடுத்து வயித்துல வெச்சுக்கிச்சுன்னா, அப்புறம் மருந்து அத ஒண்ணும் பண்ணாது."

கோதண்டபாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் அடிச்சதெல்லாம்?"

"மண்ணுல விழுந்து அதுக்குச் சோறா ஆகியிருக்கலாம். ஆகியிருக்கலாம்னுதான் சொல்றேன். அங்க பாத்தது வேற மருந்து. இங்க அப்படி நடக்குதான்னு யாருக்கும் தெரியாது. அதப் பாக்கத்தான் பூச்சி பிடிச்சிக்கிட்டு திரியறேன்."

"யாருக்கும் தெரியாது" என்றது மோகனாவின் காதில் விழுந்தது. கோதண்டபாணியின் காதில் விழவில்லை.

"இதுக்கு இன்னாதான் வழி மேடம்?"

"மருந்த நிறுத்துங்க. காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடி பூச்சி மந்தமா இருக்கும். செடிய உலுக்கி சோப்புத் தண்ணியில விழ வைங்க. அடுத்த வெதைப்புக்கு மண்ணுக்கு நல்ல பாக்டீரியா போடுங்க. மண்ணும் தேறும், செடியும் தேறும்."

பன்னிரண்டு குப்பிப் பூச்சியோடு அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். கோதண்டபாணிக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. அந்த மொச்சைப் பருவத்தில் அவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான்.

ஊறல் தொட்டியில் தோல் கிடக்கும்போது அழுகல் பிடிக்கும். நேரம் தப்பினால் மயிர் தானாகக் கழன்று வரும், தோலின் முகம் குழிவிழும், முதலாளி கத்துவார். அழுகல் வராமல் இருக்கத் தொட்டியில் ஒரு மருந்து ஊற்றுவார்கள். கேனின் மேல் இங்கிலீஷில் நீளமான பெயர் இருக்கும். முன்பாதி பாக்டீரியா, பின்பாதி யார் வாயிலும் நுழையாத எதுவோ. அந்த ஷாப்பில் அதற்குப் பெயர் பாக்டி. "பாக்டி போட்டியா?" "ரெண்டு மூடி பாக்டி ஊத்து." பத்தொன்பது வருடம் அவர் தினமும் சொன்ன சொல். தோலைக் கெடுப்பது கிருமி, கிருமியைக் கொல்வது பாக்டி.

படித்த பெண் அதை முழுப் பெயரில் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். பூச்சி வயிற்றில் இருப்பது கிருமி. அது வருவது மண்ணிலிருந்து. மண்ணுக்கு பாக்டி போடச் சொல்கிறாள். இதில் குழப்பமே இல்லை. ஒன்று மட்டும்தான் அவருக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த விதைப்பு வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? பொங்கல் இருக்கிறதே, ஏழே வாரத்தில்.

சனிக்கிழமை பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறி, ஷாப் கேட்டில் ரஃபி அகமதுவைப் பிடித்தார்.

"பாய், கொஞ்சம் பாக்டி வேணும்."

"வேலைய வுட்டவனுக்கு பாக்டி எதுக்கு?" ரஃபி அகமது சிரித்தார். "வூட்ல ஷாப்பு போட்டுட்டியா? எனக்கே போட்டியா?"

"கொஞ்சம் ஊற வைக்கணும் பாய்."

"ஆட்டுத் தோலா?"

"அந்த மாதிரிதான்."

"மாதிரின்னா? ஆடு மாதிரி ஒண்ணா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனவர் அரைக் கேன் கொண்டுவந்து கொடுத்தார். "கையில படாம பாத்துக்கோ. உனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

நவம்பர் 27, திங்கட்கிழமை. மோகனா குடியாத்தத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கோதண்டபாணி மோட்டாரைப் போட்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கேனைக் கவிழ்த்தார். தொட்டிக்கு இரண்டு மூடி என்றால் நாற்பது செண்டுக்கு எத்தனை மூடி என்று அவருக்குத் தெரியவில்லை. கேன் காலியாகும் வரை ஊற்றினார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் விரல் இடுக்கு எரிகிற மாதிரி இருந்தது. கையில் ஒரு துளியும் படவில்லை.

வாய்க்காலுக்கு இடது பக்கம் இருபது செண்ட் நனைந்து முடிந்தது. வலது பக்க மடையைத் திறப்பதற்குள் மும்முனைக் கரண்ட் போய்விட்டது. மறுநாள் கரண்ட் வந்தபோது வாய்க்காலில் ஓடியது வெறும் தண்ணீர்.

முதல் பத்து நாள் அவர் ஜெயித்தவராக நடந்தார். இடது பக்கம் எறும்பு மாதிரிக் குட்டிகள் குறைந்திருந்தன. இருந்தவையும் சோம்பலாக நகர்ந்தன. ஐந்து செடிக்குப் பதினேழு. வலது பக்கம் ஐந்து செடிக்கு நாற்பத்திரண்டு. ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னா மந்திரம் மாப்ள இது?"

"மந்திரம் இல்ல மச்சான். ஷாப்பு மூளை."

அதற்குள் புயல் மழை வந்து போனது. மழை விட்டு ஒரு வாரத்தில் இடது பக்கச் செடிகளில் அடி இலைகள் வெளுத்தன. பிறகு மஞ்சளாயின. பிறகு மேல் இலைகளும். டிசம்பர் நடுவில், ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது: வாய்க்கால் ஒரு கோடு, அதற்கு வலது பக்கம் பச்சை, இடது பக்கம் மஞ்சள். யாரோ ஸ்கேல் வைத்து வர்ணம் அடித்த மாதிரி.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்டி கீது?" மோகனா கேட்டாள்.

"மழத் தண்ணி நின்னுது."

"ரெண்டு பக்கமுந்தான நின்னுது."

"காத்து."

"காத்து வாய்க்கால் வரைக்கும் அடிச்சிட்டு நின்னுடுச்சா?"

கோதண்டபாணி கடைக்குக் கிளம்பினார். யூரியா வாங்கி வந்து போட்டார். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. புதுப் பூ நின்றுவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. வலது பக்கம் ஒரு நல்ல செடியைப் பிடுங்கினார். வேரெல்லாம் மிளகு மிளகாகக் கட்டிகள். நன்றாக இருக்கிற செடிக்குத்தான் வேரில் நோய், வாடுகிற செடியின் வேர் சுத்தமாக இருக்கிறது. இது என்ன நியாயம்?

யோகலட்சுமிக்குப் போன் போட்டார். டிசம்பர் 18 அன்று அவள் வந்தாள். வாய்க்கால் மேல் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, இந்தப் பக்கம் என்ன பண்ணீங்க?"

"நீங்க சொன்னதுதான் மேடம்."

"நான் என்ன சொன்னேன்?"

"மண்ணுக்கு பாக்டி போடச் சொன்னீங்க. போட்டேன்."

"பாக்டின்னா?"

அவர் மோட்டார் ரூமுக்குப் போய்க் காலிக் கேனை எடுத்து வந்தார். அவள் பெயரைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மோகனாவும் கேனைப் பார்த்தாள். அந்த நெடி அவளுக்கும் தெரியும். பத்தொன்பது வருடம் அவர் சட்டையைத் துவைத்தவள்.

"நான் சொன்னது உசிரோட இருக்கிற பாக்டீரியா அண்ணா. பொட்டலத்துல விக்கிறாங்க. இது அதக் கொல்றது."

"கிருமியக் கொல்றதுதான மேடம்?"

"கிருமியும் பாக்டீரியாவும் ஒண்ணுதான்."

"பூச்சி வயித்துல இருக்கிறது கிருமின்னீங்க."

"ஆமா."

"மண்ணுல போடச் சொன்னது பாக்டீரியான்னீங்க."

"ஆமா."

"ரெண்டும் ஒண்ணா?"

யோகலட்சுமி கேனைத் தள்ளி வைத்தாள். கெட்டதைச் சொல்லும்போது கிருமி, நல்லதைச் சொல்லும்போது பாக்டீரியா. ஊரில் எளிதாகப் புரியட்டும் என்று அவளே பிரித்துச் சொன்னது. பதினெட்டு ஊரில் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

வலது பக்கச் செடியின் வேரிலிருந்து ஒரு கட்டியைக் கிள்ளி, நகத்தால் பிளந்து காட்டினாள். உள்ளே இளஞ்சிவப்பு, ஈறு மாதிரி.

"இது நோய் இல்ல. இது செடியோட பாக்டீரியா. காத்துல இருக்கிற சத்த இழுத்து செடிக்குக் குடுக்கும். மொச்ச, கடல, உளுந்து எல்லாத்துக்கும் உண்டு. பூச்சிக்கு வயித்துல பை இருக்குல்ல, அந்த மாதிரி செடிக்கு வேர்ல இது."

இடது பக்க வேரைத் தேடித் தேடி ஒரு கட்டியைக் கண்டுபிடித்தாள். பிளந்தபோது உள்ளே பழுப்பு, கையில் நசநசத்தது.

கோதண்டபாணி இரண்டு கட்டிகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அப்ப நான் பூச்சியோட கூட்டாளியக் கொல்லப் போயி, செடியோட கூட்டாளியக் கொன்னுட்டேனா?"

"அப்படித்தான் தெரியுது. ஆனா அதுவும் நிச்சயமில்ல. மருந்து நேரா வேரக் கருக்கியிருக்கலாம். மழையில வேர் மூச்சு முட்டியிருக்கலாம்."

"பூச்சி கம்மியானது?"

அன்று மத்தியானம் முழுக்க அவள் இரண்டு பக்கமும் பூச்சி பிடித்து அளந்தாள். இடது பக்கப் பூச்சிகள் பெரும்பாலும் சின்னவை. ஆறு பூச்சிகளின் வயிற்றைத் திறந்தாள். நான்கில் அந்தப் பைகள் சூம்பியிருந்தன. இரண்டில் நன்றாக உப்பியிருந்தன. அந்த இரண்டும் ஜம்புலிங்கம் நிலத்திலிருந்து பறந்து வந்தவையாக இருக்கலாம் என்றாள்.

"அப்ப பாக்டி வேல செஞ்சிருக்கு!" கோதண்டபாணியின் குரலில் திடீரென்று தெம்பு.

"தெரியல அண்ணா. கிருமி கெடைக்காம பூச்சி சின்னதாச்சா, செடி வாடினதால தீனி இல்லாம சின்னதாச்சா, மருந்து நேரா பட்டுச் சின்னதாச்சா... மூணும் ஒண்ணாக் கலந்துடுச்சு. இப்ப பிரிக்க முடியாது."

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கே தெரியலன்னா?"

"படிச்சதால இத்தன தெரியலன்னு தெரியுது."

ஜம்புலிங்கம் வரப்பிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "யம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. பாக்டீரியா நல்லவனா கெட்டவனா?"

"யார் வயித்துல இருக்கான்னு பாத்துத்தான் சொல்லணும் ஐயா."

"இது எலெக்சன் மாதிரியில்ல கீது," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

போகும்போது யோகலட்சுமி இரண்டு பக்கத்து மண்ணையும் தனித்தனிப் பைகளில் எடுத்துக்கொண்டாள். அவள் பைகளில் எழுதியது 'வலது', 'இடது'. கிருமி, பாக்டீரியா என்ற இரண்டு சொல்லையும் அன்று அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் மோகனா கேட்டாள். "என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப?"

"எனக்கும் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்ண ஒருத்தர் மட்டும் போயி ஊத்துவாங்களா?"

மறுநாள் விடியற்காலையிலிருந்து இருவரும் வலது பக்கச் செடிகளை உலுக்கினார்கள். மோகனா சோப்புத் தண்ணீர் வாளியைப் பிடிக்க, அவர் உலுக்க, பூச்சிகள் விழுந்தன. எறும்பு மாதிரி இருந்த எதையும் மோகனா விடவில்லை. நிஜ எறும்புகளும் நிறையச் செத்தன.

காலிக் கேனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரஃபி அகமது விஷயத்தைக் கேட்டார். முதலில் திட்டினார். அது சாப்பிடுகிற பயிருக்குப் போடுகிற பொருளா என்றார். இடது பக்கத்துக் காயில் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காதே, வீட்டிலும் ஆக்காதே என்று சத்தியம் வாங்கினார். அதற்கப்புறம்தான் சிரித்தார்.

"கோதண்டம், நம்ம ஷாப்ல தோல் மெத்துன்னு பதமா வர்றதுக்கு பேட்டிங் பவுடர் போடறோமே, அது இன்னான்னு நெனச்ச?"

"பவுடர்."

"அந்தக் காலத்துல அதுக்கு புறா எச்சம் போட்டாங்க. நாய் எச்சம் போட்டாங்க. அதுல இருந்தது இன்னா? நீ கொன்ன சாமான்தான். இப்ப மெஷின்ல வளத்து, அதோட சத்தப் பவுடர் ஆக்கி, டப்பாவுல தர்றான்."

"அப்ப ஊறல்ல கொல்றோம்..."

"பேட்டிங்ல கூப்பிட்றோம்."

"பத்தொன்பது வருஷமா இத ஏன் பாய் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேப்பா. நீ ஊறல்லயே நின்னுட்ட. பேட்டிங் டிரம் பக்கம் எப்பனா வந்தியா?"

பஸ்ஸில் திரும்பும்போது கோதண்டபாணி விரல் விட்டு எண்ணினார். தோலைக் கெடுப்பது ஒன்று. தோலைப் பதமாக்குவது ஒன்று. பூச்சியை வளர்ப்பது ஒன்று. செடியை வளர்ப்பது ஒன்று. நான்குக்கும் ஒரே பெயர். ஐந்தாவதாக, மருந்தைத் தின்பது. அது பூச்சி வயிற்றில் இருப்பதேதானா, வேறா என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஐந்தாவது விரலை மடக்குவதா நீட்டுவதா என்று தெரிவதற்குள் ஊர் வந்துவிட்டது.

ஜனவரி 11, 12, 13 மூன்று நாளும் காய் பறித்தார்கள். வலது பக்கம் நான்கு மூட்டை. நூறு காயை மோகனா உரித்துப் பார்த்ததில் ஐம்பத்தொன்றில் கொட்டை முழுசாக இருந்தது. மீதியில் சக்கை. இடது பக்கம் அரை மூட்டை தேறவில்லை. அதிலும் நூறு உரித்தாள். எழுபத்தாறு முழுசு.

"பாத்தியா, இந்தப் பக்கந்தான் காய் நல்லா கீது," என்றார் கோதண்டபாணி, தன்னையறியாமல்.

"நல்லா கீது. காய்தான் இல்ல." அவள் அந்த எழுபத்தாறையும் சக்கையோடு சேர்த்துக் குழிக்குள் தள்ளினாள். சமைக்கவோ, மாட்டுக்குப் போடவோ யோகலட்சுமியும் போனில் வேண்டாம் என்றிருந்தாள். நூறு காயை மட்டும் தாளில் சுற்றி அவளுக்காக எடுத்து வைத்தாள்.

பொங்கல் அன்று குழம்பில் வலது பக்கத்து மொச்சைதான் கொதித்தது. ஜம்புலிங்கம் சாப்பிட வந்தார். கொட்டை ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, "இவன் எந்தக் கட்சி?" என்று கேட்டார். மோகனா சிரித்தாள். கோதண்டபாணியும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

சாப்பிட்ட கை காயும் முன் மோகனா கணக்கை முடித்துவிட்டாள். "நாலு மூட்டைக்கு ரெண்டு பேர் வயல்ல நிக்க முடியாது. ஒருத்தர் போதும்."

"நான் நிக்கிறேன்."

"நீ மறுபடி எதனா ஊத்துவ."

யோகலட்சுமி மாட்டுப் பொங்கல் கழித்துப் போன் செய்தாள். இடது பக்கத்தில் இனி எந்த மருந்தும் ஊற்றாமல் வைத்திருக்க முடியுமா, அடுத்த பயிரில் வேர்க்கட்டி வருகிறதா, பூச்சிக் குட்டிக்குக் கிருமி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். இப்படி ஒரு நிலத்தைத் தெரிந்தே யாரும் உண்டாக்க விடமாட்டார்கள் என்றும் சொன்னாள். அது பாராட்டா, திட்டா என்று கோதண்டபாணிக்கு விளங்கவில்லை. போனை மோகனாவிடம் கொடுத்துவிட்டார். அவள் ஐந்து நிமிடம் பேசினாள். நடுவில் மூன்று தடவை "அது உசிரோட கீறதுதான?" என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

இப்போது வீட்டு மாடத்தில், வெயில் படாத இடத்தில், வேரில் கட்டி உண்டாக்குகிற ரைசோபியம் இரண்டு பொட்டலம் இருக்கிறது. ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அந்த வீட்டில் அதை யாரும் பாக்டீரியா என்று சொல்லக் கூடாது. மோகனா அதற்குக் கஞ்சிமாவு என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோதண்டபாணி ரஃபி அகமதுவுக்குப் போன் போட்டார். வர்றேன் பாய் என்றார். ஊறல் வேண்டாம், பேட்டிங் பக்கம் போட முடியுமா என்று கேட்டார். "அது உன் வயசுக்கு ஆவாது, டிரம் வேல," என்றார் ரஃபி அகமது. "ஊறல்லயே இரு. பெரிய கையுறை வாங்கி வெச்சிருக்கேன்."

மாசி முதல் வாரம் இடது பக்கத்தில் மோகனா காராமணி விதைக்கப் போகிறாள். ஜனவரி 22, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கோதண்டபாணிக்கு ஷிப்ட். முதல் லாரியில் வருவது அறுநூறு தோல்.